ஞாயிற்றுக்கிழமை முகம்

அக்டோபர் 26, ஞாயிறு

காலையில் கிம்ச்சி ஜாடி வெடித்தது. வெடித்தது என்றால் மூடி மட்டும்தான். ஆனால் சத்தம் கேட்டு இவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். அடுக்களைச் சுவரெல்லாம் சிவப்பு.

"என்னட்டி, குக்கரா?"

"இல்லங்க, முட்டைக்கோசு."

சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மீதிச் சவரத்துக்குப் போய்விட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

கொரியாக்காரர்கள் இதில் மீன் சாறும் உப்பிறாலும் போடுவார்களாம். நாங்கள் சைவம். நான் சோயா சாஸும் ஒரு துண்டு கருப்பட்டியும் போடுகிறேன். "அம்மா, இது கிம்ச்சி இல்ல, பாளையங்கோட்டை ஊறுகாய்" என்பாள் ரஞ்சி. இருக்கட்டும். தயிர்சாதத்துக்கு இதுபோல ஒன்று அமையாது.

சாயங்காலம் முகத்துக்கு கொரியாக்காரர்கள் முறைப்படி என் வழக்கமான ஏழு படிகளும் ஆயின. எண்ணெய் வைத்துத் துடைத்து, நுரை போட்டுக் கழுவி, டோனர், சீரம், கிரீம் என்று ஒவ்வொன்றாக. சீரம் நத்தை வழவழப்பில் செய்தது. இவரிடம் கற்றாழை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்தான். ஆனால் முகம் ஒன்றும் அதைச் சாப்பிடப் போவதில்லையே.

ஞாயிறுதோறும் போல ஏழு மணிக்கு ரஞ்சி வீடியோவில் கூப்பிட்டாள். கொரியாவில் அவள் இருக்கும் தேஜான் நகரில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம். டிசம்பர் ஐந்தாம் தேதி கடைசித் தேர்வு. பேராசிரியர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து அவள் ஆராய்ச்சியைக் குடைந்து குடைந்து கேட்பார்கள். அது முடிந்தால் டாக்டர் சிவரஞ்சனி, முடிந்த கையோடு ஊருக்கு வந்துவிடுவாள். நாலரை வருடம் ஓடிவிட்டது. இவர் அவள் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்.

ஒரே மகள் அங்கே போனதால்தான் எனக்குக் கொரியாப் பைத்தியம் பிடித்தது என்று பள்ளியில் என்னோடு பாடம் எடுக்கும் ஜெசிந்தா மிஸ் சொல்கிறாள். அதெல்லாம் இல்லை. ருசி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 30, வியாழன்

மழை. பள்ளி விடுமுறை. மத்தியானம் ராமென் நூடுல்ஸ், மேலே ஒரு சீஸ் துண்டு. உறிஞ்சுகிற சத்தம் கேட்டு இவர் டிவி ஒலியைக் கூட்டினார்.

நவம்பர் 4, செவ்வாய்

வாய் கொப்பளித்தேன். நான் துப்புவதற்கு முன்னால் தண்ணீர் இடது ஓரமாக வழிந்துவிட்டது. வேடிக்கையாக இருந்தது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். பாதிதான் சிரித்தது.

இவரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லும்வரை இருவருக்குமே அது தெரியவில்லை.

"பயப்படாதீங்க, பக்கவாதம் இல்ல" என்றார் டாக்டரம்மா. "முகத்துக்குப் போற நரம்பு வீங்கிருக்கு. முகவாதம்னு சொல்லுவாங்க. மாத்திரை தாரேன். கண்ணு மூடாது, அதுக்கு மருந்து. பயிற்சி செய்யணும். சில பேருக்குச் சில வாரத்துல சரியாயிரும், சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும்."

"முழுசா சரியாயிருமா?" இவர் கேட்டார்.

"பெரும்பாலும்."

அந்தப் பெரும்பாலும் என்பதில் யார் யார் சேர்த்தி என்று நான் கேட்கவில்லை. "சீரம் போடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. என் பேச்சு அப்படி இருந்தது.

வரும் வழியில் ஆட்டோவிலேயே இவரிடம் சத்தியம் வாங்கினேன். ரஞ்சிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தேர்வையும் விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாள். அவள் சுபாவம் அப்படி.

"எப்படிட்டி மறைப்ப? ஞாயித்துக்கிழமை மூஞ்சியக் காட்டணுமே?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீங்க வாயத் திறக்காதீய."

நவம்பர் 5, புதன்

முகம் கழுவும் இடத்தில் கண்ணாடி மேல் துண்டைக் காயப் போட்டிருக்கிறேன். மழைக்காலம், துணி வேறெங்கும் காய்வதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எனக்கே என்னை மெச்சத் தோன்றுகிறது.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலமாரியில் இருந்த முகத்தாள் ஒன்றைப் பிரித்து ஒட்டிக்கொண்டேன். பச்சைத் தேயிலை மாஸ்க். நெற்றியிலிருந்து தாடை வரை ஈரத் துணி மாதிரி மூடிக்கொள்ளும், கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. மாஸ்க் போட்டால் யாருமே வாயை அசைக்காமல்தான் பேசுவார்கள். குழறினால் அது மாஸ்க்கின் குற்றம்! இடது பக்கத்தைச் சுவர்ப்புறம் வைத்து உட்கார்ந்தேன்.

"என்னம்மா, என்கிட்ட பேசுற நேரத்துல மாஸ்க்?"

"மழைக்கு முகம் காஞ்சி போகுது."

"மழைக்கா காயுது?"

"நீ படிச்சதெல்லாம் உலோகம், உனக்கு முகத்தப் பத்தி என்ன தெரியும்?"

சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் சரியில்லை போலிருக்கிறது. "அம்மா, நல்லா இருக்கல்ல?" என்றாள். "எனக்கென்ன" என்றேன். "அப்பாகிட்ட குடு" என்றாள். கொடுத்தேன். இவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார், அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்குமாம். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. மழைச்சாரல்.

நவம்பர் 11, செவ்வாய்

நாக்கிலும் இடது பாதிக்கு ருசி இல்லை. ஒரு பக்கம் கிம்ச்சி, ஒரு பக்கம் வெறும் தண்ணீர். இதை ஜெசிந்தாவிடம் போனில் சொன்னபோது நானே சிரித்துவிட்டேன்.

ராமென் செய்து பார்த்தேன். உறிஞ்ச உதடு கூடவில்லை. சாறெல்லாம் நைட்டியில். இவர் அந்தப் பக்கம் திரும்பி, ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீதி ராமென் பாக்கெட்டுகளை ஜெசிந்தாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அலமாரியில் இடமில்லை.

நவம்பர் 13, வியாழன்

பயிற்சி: புருவத்தைத் தூக்கு, கன்னத்தை உப்பு, சீழ்க்கை அடி, ப, ம, வ சொல். என்னால் முடிந்தது புருவம் மட்டும். அதுவும் வலது.

இவர் சீழ்க்கை எப்படி அடிப்பது என்று சொல்லித்தருகிறேன் என்று எதிரே வந்து உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் இவருக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஒரு முழுப் பாட்டையும் அடித்தார். பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

ஜெசிந்தா வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள். "அழுறதா இருந்தா வீட்டுக்குப் போடி" என்றேன். மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த ராமெனை என் அடுக்களையிலேயே செய்து என் முன்னாலேயே சாப்பிட்டாள். என்ன மனுஷி!

நவம்பர் 16, ஞாயிறு

இன்று கரி மாஸ்க், கன்னங்கரேலென்று. ரஞ்சி அதிசயமாக ஒன்றும் கேட்கவில்லை. "இரும்மா, நானும் போட்டுட்டு வாரேன்" என்று ஒரு வெள்ளை மாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வாயை அசைக்காமல் அரைமணி நேரம் பேசினோம். பேச்சு பாதி புரியவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பேசி நாளாயிற்று.

ஆய்வுக்கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறாளாம். ராத்திரி தூங்குகிறாளா என்றேன். "நீ தூங்குறியா? கண்ண மூடி நல்லாத் தூங்கு, கண்ணு காயாம பாத்துக்கோ" என்றாள். பிள்ளைக்கு என் கண் மேல் திடீரென்று என்ன அக்கறையோ.

நவம்பர் 19, புதன்

பார்சல் வந்திருக்கிறது! நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாக அனுப்பியது. பிரித்து மேசை மேல் பரப்பினேன். பட்டுத்துணியில் ஒரு கண்மூடி. கண்ணில் வைத்தால் தானே இளஞ்சூடாகும் பட்டைகள் ஒரு பெட்டி. கன்னத்தில் உருட்ட வழவழப்பான கல் உருளை. அப்புறம் அரிசிக் கஞ்சி. பூசணி போட்டது, எள்ளு போட்டது, சிவப்புப் பயறு போட்டது என்று விதவிதமாக. கொரியாவில் உடம்புக்கு முடியாதவர்களுக்குத்தான் இதைக் கொடுப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். ராமென் ஒன்றுகூட இல்லை. மறந்துவிட்டாள் போல. தேர்வு நேரம், பாவம்.

எள்ளுக் கஞ்சி நன்றாக இருக்கிறது. ஒழுகவும் இல்லை. வலது பக்கம் ருசித்தது. இடது பக்கமும் ருசித்த மாதிரி இருந்தது. இருந்த மாதிரிதான்.

நவம்பர் 23, ஞாயிறு

நான் அன்னாசி மாஸ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கும்போது இவர் வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்ணு குடு."

"எதை?"

"அந்தத் துணியத்தான். நீங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்போது நான் மட்டும் மொட்ட மூஞ்சியோட இருந்தா நல்லாவா இருக்கு?"

பிரித்து ஒட்டிவிட்டேன். மீசை மேல் ஒட்டவில்லை. "ஐஸ் வச்ச மாதிரி இருக்குட்டி" என்றார். பிறகு சந்தேகமாக, "இதுல நத்தை எதுவும் இல்லையே?" என்றார்.

எத்தனை நாளாகத் தெரியுமோ இவருக்கு!

ரஞ்சி திரையில் எங்களைப் பார்த்துச் சிரித்ததில் அவள் மாஸ்க் கழன்று விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி ஒட்டினாள். "டிசம்பர்ல வந்துருவேம்மா, வந்துட்டு எங்கயும் போக மாட்டேன்" என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய்

படுக்கப் போகும்போது இடது கண்ணில் களிம்பு போட்டு, இமையை இழுத்து மூடிப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். நான் ஒட்டினால் புருவ முடியும் சேர்ந்து வருகிறது. இப்போதெல்லாம் இவர்தான் ஒட்டுகிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஃபியூஸ் கட்டை மாற்றுகிற மாதிரி.

ஒட்டி முடித்து, சீரம் புட்டியைத் தேடி எடுத்தார். "இதை இப்பல்லாம் போடுறதே இல்லையே நீ?"

"மறந்துபோச்சு."

உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்து என் முகத்தில் தடவினார். ரொம்ப விட்டுவிட்டார். ஒரு வாரத்துக்கு வருவதை ஒரே நாளில் காலி செய்தால் எப்படி.

நவம்பர் 27, வியாழன்

பள்ளிக்குப் போனேன். கொரோனா காலத்துத் துணி மாஸ்க் ஒன்று கிடைத்தது, அதைப் போட்டுக்கொண்டு. பத்தாம் வகுப்பு, பாளையக்காரர்கள் பாடம். ஆரம்பித்த முதல் வரியிலேயே பாஞ்சாலங்குறிச்சி. வாயிலிருந்து ஃபாஞ்சாலங்குறிச்சி என்று வந்தது. பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். இன்னொரு முறை சொன்னேன், இன்னும் மோசமாக வந்தது. நானும் சிரித்துவிட்டேன். மாஸ்க்குக்குள் ஒரே எச்சில்.

கழற்றிவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். "இதுக்குப் பேரு முகவாதம். வலிக்காது. சரியாயிரும், பெரும்பாலும்" என்றேன்.

முதல் வரிசை செல்வமீனா கையைத் தூக்கினாள். "மிஸ், கப்பம் கேட்டு வந்தவங்ககிட்ட கட்டபொம்மன் என்ன சொன்னாரு மிஸ்?"

பாடத்தை முடித்தேன். ப வருகிற இடத்தில் எல்லாம் வகுப்பே எனக்காகச் சேர்ந்து சொன்னது.

நாற்பது பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். ரஞ்சி பார்க்கக்கூடாது என்பதில் மாற்றமில்லை. தேர்வு முக்கியம்.

டிசம்பர் 2, செவ்வாய்

இடது மூக்கோரம் லேசாக அசைந்தது. ஜெசிந்தாவிடம் காட்டினேன். "எங்க?" என்றாள். இவரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆமா" என்றார். அவர் பார்த்தது வலது பக்கம்.

டிசம்பர் 5, வெள்ளி

பாஸ்!

காலையிலிருந்து தாமிரபரணியில் வெள்ளம் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் காதிலும் ஒன்றும் விழவில்லை. பதினோரு மணி வாக்கில் போன் வந்தது. வெறும் குரல்தான். "அம்மா, டாக்டர் பேசுறேன்" என்றாள். ஒரு கணம் என் டாக்டரம்மா என்று நினைத்து, "மாத்திரை எல்லாம் முடிஞ்சிட்டு டாக்டர்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் அதைத் திருத்தவில்லை. பிறகு, "ஞாயித்துக்கிழமை பேசுவோம்மா" என்றாள், ரொம்ப மெதுவாக.

இவர் தெரு முழுக்க லாலா கடை அல்வா கொடுத்தார். ஜன்னலைச் சாத்திய அம்மாவுக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

மாஸ்க் இரண்டுதான் மிச்சம். அரிசித் தண்ணீர் மாஸ்க்கை எடுத்து ஒட்டினேன். ரஞ்சி வெறும் முகத்தோடு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"அம்மா, மாஸ்க்க எடு."

"இப்பத்தானட்டி ஒட்டுனேன். இருவது நிமிசம் இருக்கணும்."

"எனக்கு முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும்மா. உன் இடது கண்ணு இமைக்கவே இல்ல."

இவரைத் திரும்பிப் பார்த்தேன். கையை மேலே தூக்கினார். "நான் சொல்லல. மொட்டைமாடில வச்சுக் கேட்டா. 'சத்தியம் பண்ணிருக்கேன், என்கிட்ட எதுவும் கேக்காத'ன்னுதான் சொன்னேன்."

அதற்குச் சொல்லியே இருக்கலாம்!

"தெரிஞ்சா நான் பரீட்சைய விட்டுட்டு வந்துருவேன்னு நீ பயந்துட்டு இருந்த. நான் கேட்டா உனக்கு அந்த நிம்மதியும் போயிரும். அதான் கேக்கல. இப்ப எடு."

எடுத்தேன். சாறு வழிந்த முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். மூக்கு மட்டும்தான் தெரிந்தது.

"சிரி பாப்போம்."

"பாதிதான் வரும்."

"வந்தமட்டும் போதும்."

சிரித்தேன். அவள் அழுதாள். "முகம் மட்டும் பளபளன்னு இருக்கும்மா" என்றாள். இருக்காதா பின்னே, நாலு வாரம் மாஸ்க்.

பிறகுதான் அந்தச் சேதி வந்தது. அவள் பேராசிரியர் அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்க்கச் சொல்லி அக்டோபரிலேயே கேட்டிருக்கிறார். பெரிய ஆய்வாம், அவள் ஆசைப்பட்டது. முடியாது என்று சொல்லப்போகிறாளாம்.

"ஏன்?"

"ஏன்னா... நீ இப்படி இருக்கும்போது..."

எனக்கு வந்த கோபத்தில் ப, ம எல்லாம் தெளிவாக வந்தது. "என் மூஞ்சியச் சாக்கு வச்சு நீ ஒண்ணையும் விட வேண்டாம். இதுக்கா இத்தன நாளும் துணிய ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்? நாளைக்கே போயி சரின்னு சொல்லு."

"அம்மா, ரெண்டு வருசம்மா."

"எனக்கு எண்ணத் தெரியும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில், "அப்ப நீ இங்க வா" என்றாள். "நாலரை வருசமா பாக்கெட்ல வந்ததத்தான் சாப்பிடுற. ஒரு தடவயாவது இங்க வந்து உக்காந்து சாப்பிடு."

இவர் எனக்கு முன்னால், "வாரோம்" என்றார்.

டிசம்பர் 8, திங்கள்

இரண்டு வருடம் ஒன்றும் பெரிய காலமில்லை. பள்ளியிலிருந்து வந்து அடுக்களையைத் தேய்த்துக் கழுவினேன். ரஞ்சி அறையையும். அங்கே தேய்க்க ஒன்றும் இல்லை, புதுச் சுண்ணாம்பு. ஆனாலும் தேய்த்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

ஜெசிந்தா வீட்டுக்குப் போய் என் ராமென் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கேட்டேன். இரண்டுதான் பாக்கி வைத்திருந்தாள். அங்கேயே செய்து சாப்பிட்டேன். கொஞ்சம் சத்தத்தோடு உறிஞ்ச வந்தது. காரம் நாக்கின் இரண்டு பக்கமும் ஏறியதில் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். "அழுதியா?" என்றாள் ஜெசிந்தா. "காரம்டி" என்றேன்.

டிசம்பர் 17, புதன்

எங்கள் இருவருக்குமே பாஸ்போர்ட் கிடையாது. விண்ணப்பிப்பதற்கு முன் வீட்டில் ஒரு போட்டோ வைத்துக்கொள்ளலாம், விசாவுக்கும் வேண்டும் என்று மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். முதலில் இவர். கல்லில் செதுக்கிய மாதிரி உட்கார்ந்தார், ஒரே தடவையில் முடிந்தது.

அடுத்து நான். கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்த ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்தார். "மேடம், சிரிக்கக் கூடாது. பாஸ்போர்ட், விசாவுக்கெல்லாம் சிரிச்ச போட்டோவ ஏத்துக்க மாட்டாங்க."

"நான் சிரிக்கலய்யா. எனக்கு முகவாதம் வந்திச்சு. ஒரு பக்கம் அப்படி இழுத்துக்கிட்டுத்தான் நிக்கும்."

அவர் சங்கடப்பட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேமராவை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இல்ல மேடம். ரெண்டு பக்கமும்தான் சிரிக்கீங்க."

இவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். நாலு தடவை எடுத்தார். நாலும் செல்லாது என்று சொல்லிவிட்டார்.